பக் (ஆடும் ரப்பர் வட்டு) விழும் முன்பே எழுதப்பட்ட ஒப்பந்தம்: மகளிர் ஐஸ் ஹாக்கி லீக்கின் முதல் சீசன்

2023 ஜூலை 2 அன்று, அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த ஐஸ் ஹாக்கி வீராங்கனைகள் எட்டு ஆண்டுக்கால ஊதிய ஒப்பந்தம் ஒன்றுக்கு வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். அன்றைய தேதியில் அவர்கள் ஆடப்போகும் லீக்குக்குப் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை; எந்தெந்த நகரங்களில் அணிகள் அமையும் என்பதும், எந்த அரங்கில் யார் ஆடுவார்கள் என்பதும் தெரியாது. பொதுவாக ஒரு விளையாட்டு லீக் முதலில் தொடங்கும். பல ஆண்டுகள் கழித்து ஆடுகிறவர்கள் சங்கம் அமைப்பார்கள். அதற்கும் பிறகுதான் ஊதியம் பற்றிய பேரம் வரும். இங்கே வரிசை தலைகீழாக இருந்தது. தொழில்முறை மகளிர் ஹாக்கி லீக் எனப்படும் பி.டபிள்யூ.எச்.எல். 2024 ஜனவரி முதல் மே வரை நடத்திய முதல் சீசனைப் புரிந்துகொள்ள, கோல்களையும் கோப்பையையும் பார்ப்பதற்கு முன் இந்த வரிசை மாற்றத்தைப் பார்ப்பது நல்லது. அந்த சீசனில் நன்றாக நடந்தவற்றில் பெரும்பகுதிக்கும், கசப்பை விட்டுச்சென்ற சிலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

வீராங்கனைகள் காகிதத்தில் எழுதி வாங்கிய பிறகே பனித்தளத்தில் கால்வைப்போம் என்று நின்றதற்குக் காரணம் அவர்கள் முன்பு பட்டதுதான். 2007இல் தொடங்கிய கனடிய மகளிர் ஹாக்கி லீக், பத்தாண்டுகள் வரை ஆடியவர்களுக்கு ஊதியம் எதுவும் தரவில்லை. 2017இல்தான் 2,000 முதல் 10,000 டாலர் வரை ஓர் உதவித்தொகை வந்தது. 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மகளிர் ஹாக்கி லீக், குறைந்தது 10,000 டாலர் சம்பளம் தருவதாகச் சொல்லிப் பெருமையுடன் புறப்பட்டு, இரண்டாம் சீசனின் நடுவிலேயே பணமில்லை என்று சம்பளத்தைப் பாதிவரை வெட்டியது. 2019 மார்ச் கடைசியில் கனடிய லீக் இழுத்து மூடப்போவதாக அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, இரண்டு நாடுகளின் ஒலிம்பிக் நட்சத்திரங்கள் உட்பட 200க்கும் மேற்பட்ட வீராங்கனைகள், வட அமெரிக்காவில் இப்போது இருக்கும் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம் என்று கூட்டாக அறிவித்து, தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். உடல் வலுவின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் நான்கு ஆண்டுகளை இப்படிக் கழிப்பது சிறிய இழப்பன்று. சிலருக்கு அந்தக் காலத்திலேயே விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோனது.

எஞ்சியிருந்த அமெரிக்க லீக் இதற்கிடையில் பெயரை மாற்றிக்கொண்டு, பிரீமியர் ஹாக்கி கூட்டமைப்பாக ஏழு அணிகளுடன் நடந்துகொண்டிருந்தது. அது நலிந்துபோய்க் கிடந்ததாக இன்று பலர் எழுதுவது சரியன்று. 2023-24 சீசனுக்கு அணி ஒன்றின் மொத்தச் சம்பள வரம்பை 15 லட்சம் டாலராக உயர்த்த அது திட்டமிட்டிருந்தது. டொராண்டோ சிக்ஸ் அணியுடன் டேரில் வாட்ஸ் செய்துகொண்டிருந்த ஒப்பந்தத்தில் ஒரு சீசனுக்கு 1,50,000 டாலர் என்று எழுதியிருந்தது. மகளிர் ஹாக்கியில் அதற்கு முன் கேள்விப்படாத தொகை அது. ஆனால் 2023 ஜூன் கடைசியில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் முதன்மை உரிமையாளரான மார்க் வால்டரின் நிறுவனமும், டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் நிறுவனமும் சேர்ந்து அந்த லீக்கின் சொத்துகளை வாங்கின. ஏழு அணிகளும் கலைக்கப்பட்டன, கையெழுத்தான ஒப்பந்தங்கள் செல்லாதவையாயின. வாட்ஸ் புதிய லீக்கின் முதல் சீசனில் ஒட்டாவாவுக்கு ஆடினார். அவரைப்போல் இடம் கிடைத்தவர்கள் ஒருபுறம். ஏழு அணிகளின் இடத்தில் ஆறு அணிகளே வந்ததால், வேலையையே இழந்தவர்கள் மறுபுறம். ஜூலை 2 ஒப்பந்தத்துக்கு வாக்களித்தவர்கள் புறக்கணித்து நின்ற சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டுமே. மூடப்பட்ட லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் அடுத்த எட்டு ஆண்டுச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பைப் பார்வையாளர்களாகவே பார்த்தார்கள். புதிய லீக்கின் வெற்றிக் கதையில் இந்தப் பகுதி விரைவாகக் கடந்து செல்லப்படுவதைப் பார்க்கிறேன், அது நியாயமில்லை.

ஒப்பந்தத்தில் இருந்தவற்றைச் சொல்ல வேண்டும். முதல் சீசனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர். ஓர் அணியின் சராசரி 55,000 டாலர். ஒவ்வோர் அணியும் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 டாலருக்குக் குறையாமல் மூன்றாண்டு ஒப்பந்தம் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதி கூர்மையானது. நான்கைந்து நட்சத்திரங்களுக்குக் கொட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களை அடிமட்டச் சம்பளத்தில் நிரப்பும் வழியை அது அடைக்கிறது. இவை தவிர வீட்டு வாடகைக்கு மாதம் 1,500 டாலர், கருவுற்றிருக்கும் காலத்தில் முழுச் சம்பளம், ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வு ஆகியவையும் எழுதப்பட்டன. இதற்காகப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்களில் ஒருவரான கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் அப்போது நிறைமாத கர்ப்பிணி. வாக்கெடுப்பு முடிந்த அதே மாதத்தில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகப்பேற்றுக்கால ஊதியம் என்பது அந்த மேசையில் ஒரு கொள்கை விவாதமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஆறு அணிகளுக்கும் உரிமையாளர் ஒருவரே என்பது இந்த லீக்கின் அடுத்த தனித்தன்மை. டொராண்டோ, மாண்ட்ரியல், ஒட்டாவா, பாஸ்டன், மினசோட்டா, நியூயார்க் ஆகிய ஆறின் சம்பளப் பட்டியலும் ஒரே கருவூலத்திலிருந்து நிரம்பியது. ஒரு நகரத்தில் கூட்டம் குறைந்தால் அந்த அணியின் முதலாளி கைவிரித்துவிடுவார் என்ற பழைய அச்சத்துக்கு இங்கே இடமில்லை. அதே காரணத்தால், ஒரு வீராங்கனைக்கு இந்த முதலாளியோடு ஒத்துவராவிட்டால் வட அமெரிக்காவில் போவதற்கு வேறிடமும் இல்லை. அதனால்தான், எழுத்து மூலமான ஒப்பந்தம் முதலில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது வெறும் முன்னெச்சரிக்கைக்கும் மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு, வீராங்கனைகளை அணிகளுக்குப் பிரித்த விதம் விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே ஏலத்தொகை கிடையாது. அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தன. முதலில் ஒவ்வோர் அணியும் மூவரை நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. மாண்ட்ரியல் மேரி-ஃபிலிப் பூலானையும், பாஸ்டன் ஹிலரி நைட்டையும், மினசோட்டா கோய்ன் ஸ்கோஃபீல்டையும் எடுத்தது அப்போதுதான். பிறகு 2023 செப்டம்பர் 18 அன்று டொராண்டோவில் 15 சுற்றுகளாக 90 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரு சுற்றில் கடைசியாக எடுத்த அணி அடுத்த சுற்றில் முதலாவதாக எடுக்கும். முதல் பெயராக மினசோட்டா சொன்னது டெய்லர் ஹைஸியை. அங்கிருந்து முதல் ஆட்டத்துக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது. அணிகளுக்குச் செல்லப்பெயரோ சின்னமோ சூட்ட அவகாசம் கிடைக்காததால், சட்டையில் ஊரின் பெயரைச் சாய்வாக எழுதிக்கொண்டு, நிறத்தை மட்டும் அடையாளமாக வைத்து ஒரு சீசன் முழுவதும் ஆடினார்கள்: டொராண்டோ நீலம், பாஸ்டன் பச்சை, மினசோட்டா ஊதா.

2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவின் மேட்டமி அரங்கில் முதல் ஆட்டம் நடந்தது. ஒருகாலத்தில் ஆடவர் ஹாக்கியின் கோயிலாக இருந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள் அமைந்த சிறிய அரங்கம் அது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் சொச்சம்தான் அமர முடியும். நியூயார்க்கின் எல்லா ஷெல்டன் லீக்கின் முதல் கோலை அடித்தார். கோல்கீப்பர் கொரின் ஷ்ரோடர் ஒரு கோலும் விடாமல் காத்தார். உள்ளூர் அணி 0-4 எனத் தோற்றது. மறுநாள் ஒட்டாவாவில் 8,318 பேர், ஜனவரி 6 அன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 13,316 பேர், பிப்ரவரி 16 அன்று டொராண்டோவின் பெரிய அரங்கில் 19,285 பேர், ஏப்ரல் 20 அன்று மாண்ட்ரியலின் பெல் சென்டரில் 21,105 பேர் என்று கூட்டம் ஏறிக்கொண்டே போனது. 2013 உலகச் சாம்பியன்ஷிப்பின்போது ஒட்டாவாவில் திரண்ட 18,013 பேர் என்பதே அதுவரை மகளிர் ஹாக்கியின் உலகச் சாதனையாக இருந்தது. ஒரே சீசனில் அது இருமுறை முறிந்தது.

இந்த எண்களை மட்டும் அடுக்கினால் படம் முழுமையாகாது. நியூயார்க் அணி பிரிட்ஜ்போர்ட், எல்மாண்ட், நியூவர்க் என மூன்று ஊர்களின் அரங்குகளுக்கிடையே அலைந்தது. சொந்த மைதானம் எதுவென்று ரசிகருக்கே நிச்சயமில்லாத அந்த அணியின் ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. பாஸ்டன் அணி ஆடியது பாஸ்டனில் அல்ல. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோவல் நகரில். கனடாவின் மூன்று நகரங்களும் மினசோட்டாவும் ஹாக்கியைத் தாய்ப்பாலோடு பருகிய இடங்கள். அங்கே அரங்கம் நிரம்பியது வியப்பில்லை. 72 ஆட்டங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3.9 லட்சம் பேர் வந்தார்கள் என்ற மொத்தக் கணக்குக்குள் இந்த ஏற்றத்தாழ்வும் அடங்கியிருக்கிறது.

இனி ஆட்ட விதிகள். ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். அறுபது நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ வென்றால் 2, தோற்றாலும் 1. ஆடவர் லீக்கில் எப்படி வென்றாலும் 2 புள்ளிதான் என்பதால், சமநிலையில் இருக்கும் அணிகள் கடைசி நிமிடங்களை ஒப்பேற்றிவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போகப் பார்க்கும். இங்கே அப்படிச் செய்தால் ஒரு புள்ளி கையைவிட்டுப் போகும். இன்னொரு புதுமை, தண்டனை பெற்ற வீராங்கனை வெளியே அமர்ந்திருக்க, ஆள் குறைவான அணி கோல் அடித்துவிட்டால் தண்டனை அந்தக் கணமே முடிந்துவிடும் என்பது. ரசிகர்கள் இதைச் சிறையுடைப்பு என்றே அழைத்தார்கள். உடலால் மோதி பக்கைப் பறிப்பதற்கு, பன்னாட்டு மகளிர் ஆட்டங்களில் இருந்ததைவிடக் கூடுதல் இடம் தரப்பட்டது. அதனால் ஆட்டம் கடுமையானது. முதல் சில வாரங்களில் எது மோதல், எது தவறு என்பதில் நடுவர்களுக்கே ஒரு நிலையான அளவுகோல் அமையவில்லை.

தொடக்க ஆட்டத்தில் அடிவாங்கிய டொராண்டோ ஜனவரியின் பெரும்பகுதி தடுமாறியது. அதன் பிறகு தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்று, 47 புள்ளிகளுடன் முதலிடத்தில் முடித்தது. அந்த எழுச்சியின் மையம் நடாலி ஸ்பூனர். 2022 டிசம்பரில் குழந்தை பெற்று, சில மாதங்களிலேயே கனடிய அணிக்குத் திரும்பியிருந்த அவர், கோல் வாயிலின் முன்னால் தடுப்பாளர்களின் தள்ளுமுள்ளுக்கு நடுவே அசையாமல் நின்று, திரும்பிவரும் பக்குகளை உள்ளே தட்டிவிடுவதில் வல்லவர். 24 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 20. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்கள் 11 கோல்களோடு நின்றார்கள். சீசனின் சிறந்த வீராங்கனை, சிறந்த பயிற்சியாளர், சிறந்த கோல்கீப்பர் ஆகிய மூன்று விருதுகளும் டொராண்டோவுக்கே சென்றன.

பட்டியலின் மறுமுனையிலும் ஒரு புதிய விதி வேலைசெய்தது. வட அமெரிக்க விளையாட்டுகளில் கடைசியாக வரும் அணிகளுக்கே அடுத்த ஆண்டு புதிய ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், நம்பிக்கை இழந்த அணிகள் வேண்டுமென்றே தோற்பதாகக் குற்றச்சாட்டு எழுவது வழக்கம். இந்த லீக் அதைத் திருப்பிப்போட்டது: நாக்அவுட் வாய்ப்பை இழந்த பிறகு ஓர் அணி எத்தனை புள்ளிகள் சேர்க்கிறதோ, அதை வைத்தே முதல் தேர்வு முடிவாகும். கடைசி வாரத்தில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. ஏற்கெனவே வெளியேறிவிட்ட நியூயார்க், மே 4 அன்று மினசோட்டாவைத் தோற்கடித்தது. மினசோட்டாவுக்கு அது தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி. அதன் தலைவிதி மறுநாள் ஒட்டாவா ஆடும் ஆட்டத்தில் தொங்கியது. டொராண்டோவிடம் ஒட்டாவா தோற்றதால்தான் மினசோட்டா நான்காவது அணியாக உள்ளே நுழைந்தது. நியூயார்க் தான் சேர்த்த புள்ளிகளுக்குக் கூலியாக முதல் தேர்வைப் பெற்று, சேரா ஃபில்லியரை எடுத்தது.

முதலிடம் பெற்ற அணி, அரையிறுதியில் தன் எதிராளியை மூன்றாம் நான்காம் இடங்களிலிருந்து தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது லீக்கின் துணிச்சலான விதி. பாஸ்டனும் மினசோட்டாவும் 35 புள்ளிகளில் சமமாக இருந்தன. ஐந்து தோல்விகளோடு தள்ளாடி வந்த மினசோட்டாவை டொராண்டோ தேர்ந்தெடுத்தது. காகிதத்தில் இதைக் குறைசொல்ல முடியாது. ஐந்து ஆட்டத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களில் மினசோட்டாவால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை: 4-0, 2-0. மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பூனருக்கு முழங்காலில் பலத்த காயம். அந்த ஆட்டம் 2-0 என மினசோட்டா பக்கம் சாய்ந்தது. நான்காவது, இரண்டாம் கூடுதல் நேரம்வரை போய் 1-0. ஐந்தாவதில் ஹைஸியின் இரண்டு கோல்களோடு 4-1. தேர்ந்தெடுக்கப்பட்டது தங்களுக்கு இழுக்கு என்று மினசோட்டா வீராங்கனைகள் எடுத்துக்கொண்டதால்தான் வென்றார்கள் என்று பலர் பேசினார்கள். ரோஷம் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் அணியின் கோல்களில் பெரும்பங்கை அடித்தவர் மூன்றாம் ஆட்டத்தோடு வெளியேறியதுதான் தொடரின் திருப்பம் என்பது என் கணிப்பு. மற்றோர் அரையிறுதியில் பாஸ்டன், மாண்ட்ரியலை நேராக மூன்று ஆட்டங்களில் வென்றது. மூன்றும் கூடுதல் நேரத்தில் முடிந்தவை, ஒன்று மூன்றாம் கூடுதல் நேரம்வரை நீண்டது.

இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் மே 26 அன்று செயின்ட் பாலில் நடந்தது. தொடரில் 2-1 என முன்னிலையில் இருந்த மினசோட்டாவுக்கு ஒரு வெற்றி போதும், கோப்பை சொந்த ஊரிலேயே கைக்கு வந்துவிடும். இரு அணிகளும் கோலின்றி இரண்டாம் கூடுதல் நேரத்தின் இறுதியை நெருங்கியபோது, சோஃபி ஜாக்ஸ் அடித்த பக் வலைக்குள் புகுந்தது. மினசோட்டா வீராங்கனைகள் கையுறைகளையும் தலைக்கவசங்களையும் பனியில் வீசியெறிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாஸ்டன் தரப்பு மறுஆய்வு கேட்டது. கோல்கீப்பர் ஏரின் ஃபிராங்கலுக்கு இடையூறு நேர்ந்தது என்று நடுவர்கள் கோலை ரத்துசெய்தார்கள். சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி அணிந்துகொண்டு மீண்டும் ஆடத் தொடங்கிய இரண்டு நிமிடங்களுக்குள், பாஸ்டனின் அலினா முல்லர் கோல் அடித்து ஆட்டத்தை முடித்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஜாக்ஸ் சீசனைத் தொடங்கியது பாஸ்டன் அணியில். பிப்ரவரியில் அவரைக் கொடுத்துவிட்டு மினசோட்டாவிடமிருந்து பாஸ்டன் வாங்கிய இருவரில் ஒருவரான சுசானா தபானிதான், மாண்ட்ரியலுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைக் கூடுதல் நேரக் கோலால் வென்றுதந்தவர்.

மூன்று நாள் கழித்து லோவலில் நடந்த ஐந்தாவது ஆட்டம் அந்த அளவுக்கு மூச்சடைக்க வைக்கவில்லை. லிஸ் ஷெப்பர்ஸ் முதல் கோல் அடித்தார், மிக்கேலா காவா இரண்டாவது. நிக்கோல் ஹென்ஸ்லி எதையும் உள்ளே விடவில்லை. பாஸ்டன் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதல் ஆளோடு முட்டிப்பார்த்தபோது, ஆளில்லாத வலைக்குள் மூன்றாவது கோலை அனுப்பியவர் கோய்ன் ஸ்கோஃபீல்ட். ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன் ஒப்பந்த மேசையில் இருந்தவர், முதல் வால்டர் கோப்பையை அணித்தலைவராகப் பெற்றுக்கொண்டார். நாக்அவுட் சுற்றுகளின் சிறந்த வீராங்கனையாக ஹைஸி அறிவிக்கப்பட்டார்.

அந்த அணியை உருவாக்கிய பொது மேலாளர் நடாலி டார்விட்ஸ், கோப்பை வென்று பத்து நாட்கள் ஆவதற்குள் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அணிக்குள் எல்லாம் சுமுகமாக இல்லை என்பதும், அந்த முடிவை எடுத்தது அணியைத் தாண்டிய தலைமையகம் என்பதும் அப்போது வெளியே வந்தன. ஒரே உரிமையாளர் அமைப்பில் உள்ளூர் ரசிகர் தன் கோபத்தை எந்தக் கதவில் போய்த் தட்டுவது என்பது அன்றுமுதல் தொடரும் கேள்வி.

2024 செப்டம்பரில் ஆறு அணிகளுக்கும் பெயர்கள் வந்தன; சாம்பியன் அணி மினசோட்டா ஃபிராஸ்ட் ஆனது. அடுத்த சீசனில் ஆட்டங்கள் 24இலிருந்து 30 ஆயின. அதிலும் முதலிடம் பிடித்த மாண்ட்ரியல், தான் தேர்ந்தெடுத்த ஒட்டாவாவிடமே அரையிறுதியில் தோற்றது. நான்காவதாக நுழைந்த மினசோட்டாவே மறுபடியும் கோப்பையை வென்றது. 2025-26இல் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து அணிகள் எட்டாயின. வளர்ச்சியின் வேகம் இப்படியிருக்க, சம்பளம் நகரும் வேகம் 2023 ஜூலையிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தம் 2031 ஜூலை வரை செல்லும். ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று கணக்கிட்டால், அதன் கடைசி சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் ஏறத்தாழ 43,000 டாலராக இருக்கும். லீக் பிழைக்குமா என்றே தெரியாத நாளில் வீராங்கனைகளைக் காத்த அந்த எண்கள், அரங்குகள் நிரம்பிய பிறகு அவர்கள் கேட்கக்கூடிய பங்குக்கும் வரம்பாக நிற்கின்றன.